ஆறு இடத்தில் அடித்த ஒரு சொல்

மதிப்புரைப் பக்கத்தைப் புதிதாக ஏற்றிருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் வணக்கம்.

இந்த மாதப் பக்கத்தை அச்சுக்கு விடும் முன் ஒரு பார்வை பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தீர்கள். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆனவளை ஞாபகம் வைத்துக் கேட்டதற்கு நன்றி. பக்கம் நன்றாக வந்திருக்கிறது. முதல் மதிப்புரையில் மட்டும் ஒரே ஒரு சொல்லை நான்கு இடத்தில் மாற்ற வேண்டும். கோடு போட்டு அனுப்புகிறேன். நாளை மதியம் பக்கம் அச்சுக்குப் போகிறது, அதற்குள் மாற்றிவிடுங்கள். சொல்லில் பிழை ஒன்றும் இல்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் வயதில் நானும் கேட்டிருப்பேன், கொஞ்சம் திமிராகவே கேட்டிருப்பேன். அதனால்தான் கோடு மட்டும் போட்டு அனுப்பாமல் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

புத்திமதி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த விஷயத்தில் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. நான் செய்த தப்பைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வேலூரில் நம் பத்திரிகையில் நான் சேர்ந்தபோது மதிப்புரைக்கு வரும் புத்தகங்களை இரண்டு அடுக்காக வைப்பார்கள். ஒரு அடுக்கின் மேல் 'நாவல், சிறுகதை' என்று சீட்டு ஒட்டியிருக்கும். இன்னொன்றின் மேல் 'பெண் எழுத்து'. பெண்கள் எழுதினால் அது நாவலாக இருந்தாலும் இரண்டாவது அடுக்குக்குத்தான் போகும். அந்தச் சீட்டைக் கிழித்தது நான்தான். அதில் எனக்கு ரொம்ப நாள் பெருமை இருந்தது. சீட்டைக் கிழித்தால் போதும், அடுக்கு மறைந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

வந்து குவியும் மதிப்புரைகளில் சில சொற்கள் பெண்களின் புத்தகங்களுக்கு மட்டுமே வரும். மென்மை, உருக்கம், பெண் மனதின் ஆழம். முப்பது வருடத்தில் ஒருவர்கூட 'ஆண் மனதின் ஆழம்' என்று எழுதி அனுப்பியதில்லை. ஆண் மனதில் ஆழமே இல்லை என்று விட்டுவிட்டார்களோ என்னவோ. வாணியம்பாடிப் பெண் ஒருவர் தன் வீட்டு உருதுச் சொற்களைக் கலந்து சிறுகதைகள் எழுதியிருந்தார். 'வட்டார வழக்கு வாசிப்புக்குத் தடையாக இருக்கிறது, பின்னிணைப்பாகச் சொற்பொருள் தந்திருக்கலாம்' என்று ஒருவர் மதிப்புரை எழுதினார். அதே ஆள் அதற்கு முந்தின மாதம் ஓர் ஆண் எழுத்தாளரின் நாவலில் பக்கத்துக்குப் பக்கம் வந்த 'இன்னா', 'வூடு' எல்லாவற்றையும் மண் மணக்கும் மொழி என்று தலையில் தூக்கி வைத்து ஆடியிருந்தார். ஒருத்தருக்கு மணந்தது, இன்னொருத்தருக்குத் தடை ஆகிவிட்டது. இதையெல்லாம் கண்டுபிடித்து, ஆட்களைக் கூப்பிட்டுச் சண்டை போட்டு மாற்ற வைத்தவள் நான். அடுத்தவர் கண்ணில் இருப்பதை எடுப்பதில் நான் கெட்டிக்காரி.

என் கதைக்கு வருகிறேன். நாலைந்து வருடம் இருக்கும். சந்தவாசலில் இருந்து ஒரு நாவல் வந்தது. எழுதியவர் பெயர் ரேணுகா. படவேட்டம்மனும் ரேணுகாதான், அந்தப் பெயரை வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு வைக்கிற ஊர்ப்பக்கம், அதனால் பெயரில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பின்னட்டையைத் திருப்பினேன். ஜவ்வாது மலையில் வனக்காப்பாளராக வேலை பார்ப்பவர் என்று இருந்தது. அப்போதே எனக்குக் கை பரபரத்தது. ஒரு பெண் காக்கி உடுப்பு போட்டுக்கொண்டு காட்டில் ரோந்து போகிறார், வந்து நாவலும் எழுதுகிறார். எந்தப் பத்திரிகைக்காரருக்குத்தான் பரபரக்காது?

நாவல் முழுக்க 'நான்' என்று தன்மையில் சொல்லப்பட்டிருந்தது. அந்த 'நான்' ஒரு வனக்காப்பாளர். ஒருநாள் ரோந்தில் ஒரு மலைக்காரப் பெண்ணைப் பிடிக்கிறாள். விறகுக் கட்டுக்குள் சந்தனக் கட்டை ஒன்று. வழக்குப் போட வேண்டும். போடாமல் விட்டுவிடுகிறாள். விட்டது சரியா தப்பா என்ற குடைச்சல்தான் மீதி நாவல். நல்ல நாவல். எனக்கு இன்றும் அதில் சில பக்கங்கள் மனப்பாடம்.

மதிப்புரை எழுதியவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். ஒழுங்கானவர். அவர் எழுதியிருந்தது இப்படி: 'விறகுக் கட்டில் சந்தனக் கட்டையை ஒளித்துச் செல்லும் பெண்ணைக் கதைசொல்லி பிடிக்கிறார். பிறகு வழக்கில்லாமல் விட்டுவிடுகிறார்.' கதைசொல்லி. கதையைச் சொல்கிற அந்த 'நான்'. எழுதியவர் வேறு, நாவலுக்குள் பேசுகிறவர் வேறு என்று பிரித்துக் காட்டத்தான் அந்தச் சொல்லை நாம் வைத்திருக்கிறோம்.

எனக்கு அது வறட்சியாகப் பட்டது. சட்டை கசங்காத பேராசிரியத் தமிழ் என்று நினைத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து 'கதைசொல்லி'யை அடித்துவிட்டு 'நாவலாசிரியை' என்று போட்டேன். ஒரு இடத்தில் போட்டால் மற்ற இடத்திலும் போடத்தானே வேண்டும்? ஆறு இடத்தில் போட்டேன். நம் மொழியின் வசதியைப் பாருங்கள், 'பிடிக்கிறார்', 'விட்டுவிடுகிறார்' எல்லாம் இரண்டுக்கும் அப்படியே பொருந்தும். வினைச்சொல்லைத் தொட வேண்டிய வேலையே இல்லை. ஒரு வாக்கியத்தையாவது உடைத்து எழுத வேண்டி வந்திருந்தால் என் கை கொஞ்சம் நின்றிருக்குமோ என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். தலைப்பும் நானே வைத்தேன்: 'காக்கிச் சட்டையின் வாக்குமூலம்'. வைத்துவிட்டு, நன்றாக இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதைப் பாராட்டு என்றுதான் நினைத்தேன். உண்மையை எழுதியிருக்கிறார், வாழ்ந்ததை எழுதியிருக்கிறார் என்று ஊருக்குச் சொல்கிறேன் என்று நினைத்தேன். ஒரு பெண்ணின் புத்தகத்துக்குத் தர என்னிடம் இருந்த பெரிய பாராட்டே அதுதான்.

பக்கம் வந்தது. பத்து நாள் கழித்து ஒரு மதியம் போன் வந்தது. குரலில் பதற்றம் எதுவும் இல்லை.

"மேடம், நான் ரேணுகா பேசுறேன். சந்தவாசல். மதிப்புரை போட்டதுக்கு ரொம்ப நன்றிங்க."

நானும் மகிழ்ச்சியாக ஏதோ சொன்னேன்.

"ஒரு சின்ன விஷயம் மேடம். எனக்கு மெமோ வந்திருக்குது. உங்க பக்கத்தையும் சேத்து இணைச்சிருக்காங்க."

பக்கத்தை யாரோ படம் எடுத்து அவர்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட, அது மேலே போய்விட்டது. மெமோவைப் படித்துக் காட்டினார். 'மேற்படி இதழில் வெளியான வாக்குமூலத்தில், தாங்கள் பணியின்போது சந்தனக் கட்டை கடத்திய பெண்ணைப் பிடித்து, வழக்குப் பதியாமல் விடுவித்ததாகத் தெரியவருகிறது. ஏழு நாட்களுக்குள் எழுத்துபூர்வமாக விளக்கம் அளிக்கவும்.' வாக்குமூலம் என்ற என் அழகான சொல் அரசாங்கக் காகிதத்தில் ஏறியதும் அதன் சொந்த அர்த்தத்துக்குத் திரும்பிவிட்டது.

"புத்தகம் போட அனுமதியெல்லாம் வாங்கித்தான் மேடம் போட்டேன். புத்தகம் வந்து ஆறு மாசம் ஆவுது, யாரும் இன்னான்னு கேக்கல. புத்தகத்துல 'நான்'னுதான் இருக்குது. உங்க பக்கத்துலதான் ரேணுகான்னு ஆயிடுச்சு."

அவரே தொடர்ந்தார்.

"வூட்ல வேற ஒரு கூத்து. நாவல்ல வர்ற புருஷன் குடிகாரன் இல்லீங்களா? எங்க வூட்டுக்காரரு டீ கூட குடிக்க மாட்டாரு. கலசப்பாக்கம் சந்தையில ஒருத்தர் அவரைப் பார்த்து, 'இன்னாப்பா, குடிய விட்டுட்டியா'ன்னு கேட்டாராம். அவரு மூணு நாளா என்கிட்ட பேசல." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இந்த வேலைய நம்பித்தான் மேடம் வூடு ஓடுது. பொண்ணு நாலாவது படிக்குது. வேலை போச்சுன்னா எழுத்தும் போச்சு, எல்லாம் போச்சு."

போனை வைத்துவிட்டு எடிட்டர் அறைக்குப் போனேன். அவர் நிதானமாகக் கேட்டார். அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு வரி வருத்தம் போடலாம் என்றார். மாத இதழ், அடுத்தது வர இருபது நாள் ஆகும், அவருக்கு ஏழு நாள்தான் இருக்கிறது என்றேன். "நாம என்னம்மா தப்பா எழுதிட்டோம்? அந்தம்மா புத்தகத்துல இருக்கறதைத்தானே போட்டோம்?" என்றார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். அச்சுப்பிழை என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுத்துவிடலாம். எந்த அதிகாரியும் ஏற்றுக்கொள்வார், யாருக்கும் கெட்ட பெயர் இல்லை.

எனக்கு அது உடனே பிடித்துவிட்டது. ஒளிக்க மாட்டேன். ரேணுகாவைக் காப்பாற்றும் அவசரம் பாதி, என்னைக் காப்பாற்றும் அவசரம் பாதி. கடிதத்தை அடித்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். பேராசிரியர் எழுதியது வேறு சொல் என்பதற்கு ஆதாரம் கேட்டால் இருக்கட்டும் என்று, நான் திருத்தம் போட்ட பழைய மெய்ப்புத் தாள்களில் இருந்து அந்த மாதத் தாளையும் தேடி எடுத்தேன்.

அதை விரித்தபோதுதான் பார்த்தேன். நம் பக்கத்தில் எப்போதும் இரண்டு மதிப்புரைகள் வருமே, பக்கத்து மதிப்புரை ஒரு வங்கி மேலாளரின் நாவலைப் பற்றியது. அதுவும் 'நான்' என்று சொல்லப்பட்ட நாவல். அந்த 'நான்' நிலத் தகராறில் தன் அண்ணனைக் கிணற்றில் தள்ளிக் கொன்றுவிடுகிறான். மதிப்புரையில் 'கதைச்சொல்லி தன் அண்ணனைக் கிணற்றில் தள்ளுகிறார்' என்று வந்திருந்தது. அங்கே நான் செய்திருந்த திருத்தம் என்ன தெரியுமா? நடுவில் ஒரு 'ச்' அதிகமாக இருக்கிறது என்று அதை மட்டும் நீக்கியிருந்தேன். மூன்று இடத்திலும் அக்கறையாக நீக்கி, 'கதைசொல்லி'யைச் சுத்தம் செய்து வைத்திருந்தேன். ஒரே பேனா, ஒரே தாள், ஒரே காலை நேரம். இந்தப் பக்கம் அந்தச் சொல்லுக்கு ஒற்றுப்பிழை பார்த்த கை, நான்கு விரல் தள்ளி அதே சொல்லை ஆறு இடத்தில் கொலை செய்திருந்தது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒருவர் இருந்தார். திருத்தம் போட்டால் பக்கத்திலேயே உன் முதலெழுத்தைப் போடு, நாளைக்கு யார் போட்டது என்று தேடக் கூடாது என்பார். முப்பது வருடமாக அப்படியே செய்து பழக்கம். ஆறு அடித்தலுக்குப் பக்கத்திலும் என் எழுத்து குட்டியாக உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலையடிவாரத்து ஊரான அமிர்திக்குப் போனேன். ரேணுகா வண்டியோடு நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத உடுப்பு, நெற்றியில் சின்னதாக விபூதி. அவருடைய அதிகாரி அன்று மலை மேல் இருந்த அலுவலகத்தில் இருந்தார். "பின்னாடி உக்காருங்க மேடம், வளைவுல என்னைப் புடிச்சிக்கோங்க" என்றார். ஐம்பத்தாறு வயதில் நான் மலைப்பாதையில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனது அதுதான் முதல் தடவை. பயத்தில் வழி முழுக்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். விளக்கம் கேட்கப்பட்டவர் அவர், நடுங்கியவள் நான்.

மேலே ஒரு சாமை வயல் ஓரமாக வண்டியை நிறுத்தினார். தண்ணீர் குடித்தோம். அச்சுப்பிழைக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். முழுசாகப் படித்தார்.

"அச்சுப்பிழைன்னா ஒரு எடத்துல வரும் மேடம். ரெண்டு எடத்துல வரும். ஆறு எடத்துல, அதுவும் எழுத்துப் பிசகாம வருமா?"

"அவங்க அவ்வளவு பார்க்க மாட்டாங்க ரேணுகா."

"பார்க்க மாட்டாங்கதான். ஆனா பிழைன்னு சொன்னா, பிழை இல்லாம இருந்தா அது நான்தான்னு ஆவுதே? அப்புறம் நான் இன்னா எழுதினாலும் இதேதான். ஒவ்வொரு வாட்டியும் ஒரு அச்சுப்பிழை லெட்டர் எடுத்துட்டு வருவீங்களா?"

கேள்வியில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பையில் இருந்த மெய்ப்புத் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். காட்டலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும்போதுகூட எனக்கு முடிவு இல்லை. அவர் இரண்டு மதிப்புரைகளையும் படித்தார். என் ஆறு கோட்டையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு பக்கத்து மதிப்புரைக்குப் போனார். 'ச்' நீக்கிய இடத்தில் விரல் நின்றது.

"இவருக்கு 'ச்'சை மட்டும் எடுத்து வுட்ருக்கீங்க" என்றார்.

"ஆமாம்."

"ஏன் மேடம்?"

எவ்வளவோ பதில் சொல்லியிருக்கலாம். வாசகருக்குப் புரியட்டும் என்று, பத்திரிகை விற்கட்டும் என்று. "அவர் கற்பனை செஞ்சிருப்பார்னு தோணிச்சு. நீங்க கற்பனை செஞ்சிருப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பெண்ணாக இருந்துகொண்டு நான் அவரிடம் இருந்து எடுத்தது அவருடைய உழைப்பை. இரண்டு வருடம் டியூட்டி முடித்து வந்து உட்கார்ந்து உண்டாக்கிய ஒரு ஆளை, நீதான் அது என்று ஒரு கோட்டில் சொல்லிவிட்டேன்.

அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். "இதையே அவருகிட்ட சொல்லுங்க. போதும்" என்றார்.

அங்கேயே, வண்டி சீட்டின் மேல் வைத்து, வேறு ஒரு கடிதம் எழுதினேன். மதிப்புரையாளர் எழுதிய சொல் 'கதைசொல்லி'. அதை 'நாவலாசிரியை' என்று ஆறு இடத்தில் மாற்றியவள் நான். தலைப்பும் என்னுடையது. நாவலில் வருவது ரேணுகாவின் வாழ்க்கை என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. அதே பக்கத்தில் ஓர் ஆண் எழுத்தாளருக்கு இந்த மாற்றத்தை நான் செய்யவில்லை. மெய்ப்புத் தாள் இணைப்பு. கீழே முழுக் கையெழுத்து, பதவியோடு. எடிட்டரைக் கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்பார், அவர் முடியாது என்றால் நான் சரி என்றுவிடுவேன் என்று பயம்.

அதிகாரி நல்ல மனிதர்தான். மேஜை நிறையக் காகிதம். கடிதத்தைப் படித்தார், தாளைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் படித்தார்.

"இந்தக் கிணத்துல தள்ளுனவரு யாரு?"

"வங்கி மேலாளர் சார். அவருக்கு அண்ணனே கிடையாது, வீட்டுக்கு மூத்த பிள்ளை."

"அவருக்கு மெமோ எதுவும் போச்சா?"

"இல்ல சார். ஒரு விழாவுல சால்வை போட்டாங்க."

அவர் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. பிறகு ரேணுகா பக்கம் திரும்பினார். "சரிம்மா, இதெல்லாம் இருக்கட்டும். நேராவே கேக்கறேன். அந்தப் பொம்பளைய விட்டீங்களா இல்லையா?"

ரேணுகா நின்ற இடத்தில் அசையவில்லை.

"சார், என் பீட்ல நான் போன ரோந்து, புடிச்சது, எழுதினது எல்லாமே பதிவேட்டுல இருக்குது. அதுல ஒரு வரி குறைஞ்சிருந்தா என்னைக் கேளுங்க, பதில் சொல்றேன். நாவல்ல இருக்கறதுக்கு நாவல்தான் சார் பதில் சொல்லணும்."

பதிவேட்டை வரவழைத்தார். நாங்கள் வெளியில் ஒரு மணி நேரம் போல நின்றோம். ரேணுகா உடன் வேலை செய்பவர்களிடம் சகஜமாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் பலா மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கூப்பிட்டு, விளக்கம் ஏற்கப்பட்டது, மேல்நடவடிக்கை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது அன்பாகவே ஒன்று சொன்னார்: "எழுதறத வுட்றாதீங்கம்மா. அடுத்த வாட்டி இந்த 'நான்' மட்டும் வேணாம். 'அவ'ன்னு எழுதிட்டா ஒரு வம்பும் இல்ல பாருங்க."

"பார்க்கிறேன் சார்" என்றார் ரேணுகா.

மலை இறங்கி அமிர்திக்கு வந்தோம். வேலூர் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சீத்தாப்பழம் வாங்கிக் கொடுத்தார், சாப்பிட்டோம். இவ்வளவும் நடந்த பிறகு நான் என்ன செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அவர் பக்கம் சாய்ந்து, மெதுவாக, சொந்தக்காரியைப் போல, "நமக்குள்ள சொல்லுங்க ரேணுகா, நிஜமாவே அந்தப் பொம்பளைய விட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. விதையைத் துப்பிவிட்டு, "அந்த பேங்க் மேனேஜர்கிட்ட, நமக்குள்ளன்னு சொல்லி அண்ணனைப் பத்திக் கேட்டீங்களா மேடம்?" என்றார்.

"இல்ல."

"பஸ் வந்துடுச்சு, ஏறுங்க. ஜன்னலோரம் உக்காருங்க, காத்து வரும்."

அடுத்த இதழில் இரண்டு வரி வருத்தம் என்று எடிட்டர் ஒதுக்கிய மூலையை நான் ஏற்கவில்லை. ரேணுகாவுக்கு அடித்தது, வங்கி மேலாளருக்கு விட்டது இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, என் பெயரோடு அரைப் பக்கம் போட்டேன். பேராசிரியர், தன் சொல்லைத் தொட்டதற்காக என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நியாயம்தான். எடிட்டர் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு இருந்தார். அதன் பிறகு ஓய்வு பெறும் நாள் வரை, 'நான்' என்று சொல்லப்படும் எந்தப் புத்தகத்தின் மதிப்புரை வந்தாலும், எழுதியவர் பெயரை ஒரு காகிதத்தால் மூடிவிட்டுத் திருத்தினேன். பார்க்கிறவர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும். என் கையை எனக்குத் தெரியும்.

நீங்கள் அனுப்பிய பக்கத்துக்கு இப்போது வருகிறேன். முதல் மதிப்புரை ரேணுகாவின் இரண்டாவது நாவலுக்கு. அதிகாரி சொன்னதை அவர் பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டு மறுபடி 'நான்' என்றே ஆரம்பித்திருக்கிறார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த முறை அந்த 'நான்' மலைக் கிராமத்துச் செவிலி. ஜுரத்தில் கிடக்கும் தன் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறாள், வழியில் குழந்தை இறந்துபோகிறது. நீங்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். 'மகளைப் பறிகொடுத்த நாவலாசிரியை', 'நாவலாசிரியையின் கண்ணீர்' என்று நான்கு இடம்.

அதைப் படித்ததும் அப்படியே நம்பிவிட்டேன். இத்தனையும் பட்டவள், பெயரை மூடித் திருத்தியவள், பேனாவைத் தேடவில்லை. போனைத் தேடினேன். ஐயோ, அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று, எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று ரேணுகாவைக் கூப்பிட்டேன்.

எடுத்தது ஒரு சின்னப் பெண்ணின் குரல். திரையில் என் பெயரைப் பார்த்திருப்பாள்.

"அம்மா போனை வூட்லயே வச்சிட்டு ரோந்து போயிருக்காங்க ஆன்ட்டி. இன்னா சொல்லணும்?"

"நீ நல்லா இருக்கியாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"நல்லா இருக்கேன் ஆன்ட்டி. நாளைக்கு கணக்கு டெஸ்ட்." கொஞ்சம் தயங்கிவிட்டு அவளே கேட்டாள். "அம்மா புத்தகத்தைப் பத்தி இந்த மாசம் உங்க பத்திரிகையில வருதாமே? வந்தா நான்தான் முதல்ல படிப்பேன்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

நான்கு இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். நாளை மதியத்துக்குள்.